பக்கத்தில் நிற்கும் ஆசிரியர்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ‘அசிஸ்டென்ட்’ என்ற சொல்லின் கனம் தெரியும். பெரிய துரைக்கு அடுத்தவர் சின்னத் துரை. அவருக்கென்று ஒரு பங்களா, ஒரு மோட்டார் சைக்கிள். விடியற்காலைப் பெரட்டில் அவர் வந்து நின்றால் கங்காணிகூடக் குரலைத் தாழ்த்திக் கொள்வார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட டிரஸரும் ஓர் அசிஸ்டென்ட்தான். நமக்கோ அவர்தான் டாக்டர்!

அதனால், பட்டம் வாங்கிய பிள்ளை ஒன்று வீட்டுக்கு வந்து, “அம்மா, ஜப்பானில் பள்ளிக்கூடத்தில் அசிஸ்டென்ட் வேலைக்கு மனுப் போடப் போகிறேன்” என்று சொன்னால், உங்கள் மனக்கண்ணில் அந்தப் பங்களா வந்து நின்றாலும் வியப்பில்லை. வாசக அன்பர்களே, அங்கே பங்களா கிடையாது. அதிகாரமும் கிடையாது. வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியர் வேறொருவர். இந்தப் பிள்ளை அவர் பக்கத்தில் நின்று ஆங்கிலம் பேச வேண்டும், பேச வைக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ என்பதற்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

பேசத் தெரியாத ஆங்கிலம்

ஜப்பானியப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் மூன்று ஆண்டு, மேல்நிலைப் பள்ளியில் மூன்று ஆண்டு ஆங்கிலம் படிப்பவர்கள். இலக்கணம் கேட்டால் பிசகாமல் எழுதுவார்கள். எதிரில் ஒரு வெள்ளைக்காரர் வந்து வழி கேட்டால் வாய் திறக்காது. எல்லாம் தேர்வுக்குப் படித்த படிப்பு. எழுதும் தேர்வுக்கு வாய் எதற்கு? பாடம் நடத்திய ஆசிரியர்களில் பலருக்கே ஆங்கிலம் பேசும் ஒருவரோடு பழக வாய்ப்பு இருந்ததில்லை.

1970களின் பிற்பகுதியிலேயே அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் சிலரை வரவழைத்துப் பார்த்தார்கள். பிறகு 1987-இல் ஜப்பானிய அரசு பெரிய அளவில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் பெயர் ஜெட் திட்டம். பெயரைக் கேட்டு ஆகாய விமானம் என்று நினைத்து விடாதீர்கள். பரிமாற்றம், கற்பித்தல் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளை ஜப்பானின் பெயரோடு சேர்த்து ஆக்கியது அது. முதல் ஆண்டில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய 4 நாடுகளிலிருந்து 848 பேர் போனார்கள். 2019-இல் திட்டத்தில் இருந்தவர்கள் 5,000-க்கும் அதிகம். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் மொழித் துணை ஆசிரியர்கள், ‘ஏ.எல்.டி.’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

மொழிப்பற்று மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. அது அமெரிக்காவோடு வாணிபத் தகராறு முற்றியிருந்த காலம். ஜப்பான் விற்க மட்டும் வெளியே வருகிறது, யாரையும் உள்ளே விடுவதில்லை என்ற குறை உலகெங்கும் கேட்டது. கிராமத்துப் பள்ளிக்கூடம் வரை வெளிநாட்டு இளைஞர்களைக் கொண்டுபோய் விட்டால் அந்தக் குறை தீரும் என்று கணக்குப் போட்டார்கள். நம் நாட்டிலோ 1982-இல் ‘கிழக்கை நோக்கும் கொள்கை’ வந்து, நம் மாணவர்கள் ஜப்பானுக்குக் கப்பலேறாத குறையாகப் போய்க் கொண்டிருந்தார்கள். நாம் கிழக்கை நோக்கிய அதே பத்தாண்டில் ஜப்பான் ஆங்கிலத்துக்காக மேற்கை நோக்கியது. வேடிக்கைதான்!

காலை முதல் மாலை வரை

பள்ளிக்கூட வாசலிலேயே செருப்பைக் கழற்றி அடுக்கிலே வைத்துவிட்டு, உள்ளே போட்டுக் கொள்ளும் காலணிக்கு மாற வேண்டும். மாணவர், ஆசிரியர், தலைமையாசிரியர் எல்லாருக்கும் ஒரே சட்டம். வாசலில் செருப்பை விட்டுப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது ஒரு பாடமே இல்லை. வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் ஒரு வாரம் பிடிக்கும்.

ஆசிரியர்களுக்கெல்லாம் ஒரே பெரிய அறை. மேசைகள் எதிரும் புதிருமாகச் சேர்த்துப் போடப்பட்டிருக்கும். துணை ஆசிரியருக்கும் அங்கே ஒரு மேசை உண்டு. காலையில் கூட்டம் நடக்கும். எல்லாம் ஜப்பானிய மொழியில். ஒன்றும் புரியாவிட்டாலும் எழுந்து நின்று வணங்கி உட்கார வேண்டும். மாலையில் மற்றவர்களுக்கு முன்னதாக வீட்டுக்குக் கிளம்பினால், “முன்னே போவதற்கு மன்னியுங்கள்” என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அவர்கள் “களைத்திருப்பீர்கள்” என்ற பொருள்பட ஒரு சொல் சொல்லி அனுப்புவார்கள். வேலை முடித்துக் கிளம்பும் ஒருவரிடம் இப்படி ஒரு வார்த்தை சொல்லும் வழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வகுப்பு தொடங்கும்போது ஒரு மாணவர் “கிரிட்ஸு!” என்று குரல் கொடுப்பார். எல்லாரும் எழுவார்கள். “ரேய்!” என்றதும் குனிந்து வணங்குவார்கள். இடைநிலைப் பள்ளியில் 50 நிமிடப் பாடம், தொடக்கப் பள்ளியில் 45 நிமிடம். ஜப்பானிய ஆசிரியர் இலக்கணத்தை விளக்குவார். துணை ஆசிரியர் வாசித்துக் காட்டுவார், உரையாடலில் ஒரு பாத்திரமாவார், விளையாட்டு நடத்துவார், ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்பார், நோட்டுப் புத்தகம் திருத்துவார்.

மதியம் வந்தால் சாப்பாடும் வகுப்பறையில்தான். பிள்ளைகளே வெள்ளைத் தொப்பியும் ஏப்ரனும் போட்டுக் கொண்டு, பெரிய பாத்திரங்களைத் தூக்கி வந்து, ஒருவருக்கொருவர் பரிமாறுவார்கள். ஆசிரியருக்கும் அதே சாப்பாடு, அதே 200 மில்லி பால். பிறகு மணியடித்தால் துப்புரவு நேரம். துடைப்பம் பிடிப்பவர்கள் ஒரு பக்கம், ஈரத் துணியால் தரையைத் தேய்த்துக் கொண்டே ஓடுபவர்கள் ஒரு பக்கம். ஆசிரியர்களும் சேர்ந்து கொள்வார்கள்.

இதை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் பள்ளிகளில் கூட்டிப் பெருக்குவது என்றால் அது தண்டனை, அல்லது கூலியாளின் வேலை. “படிக்காவிட்டால் துடைப்பம்தான்” என்று பிள்ளையை மிரட்டாத வீடு உண்டா? அங்கே டாக்டர் மகனும் தேய்க்கிறான், மீனவர் மகளும் தேய்க்கிறாள், வெளிநாட்டு ஆசிரியரும் அவர்களோடு குந்தி உட்கார்ந்து தேய்க்கிறார். அந்த இருபது நிமிடத்தில் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் மெல்ல வந்து, “உனக்கு எந்தப் பழம் பிடிக்கும்?” என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள். துணை ஆசிரியரின் வேலையில் பாதி, மணி அடித்த பிறகுதான் நடக்கிறது.

மிருக்கும் பெரட்டும்

ஜப்பானிய மொழியில் சொற்கள் உயிரோசையில்தான் முடியும். இல்லாவிட்டால் ‘ன்’ போன்ற ஓரொலியில் முடியும். மெய்யெழுத்தில் முடியும் ஆங்கிலச் சொல் அவர்கள் வாய்க்கு அடங்காது. மில்க் ‘மிருக்கு’ ஆகிவிடும். கிளாஸ் ‘குராசு’ ஆகிவிடும். ஹோட்டல் ‘ஹோதேரு’. லகரமும் ரகரமும் அவர்கள் காதுக்கு ஒன்றுதான். ‘ரைஸ்’ சாப்பிட்டேன் என்று சொல்ல வந்த பிள்ளை ‘லைஸ்’ சாப்பிட்டேன் என்று சொல்லிவிடும். முன்னது சோறு, பின்னது பேன்!

சிரித்தீர்களா? நமக்குச் சிரிக்க உரிமை குறைவு. ‘இஸ்கூலு’, ‘காரு’, ‘பஸ்ஸு’ என்று உகரம் சேர்க்காமல் நம் பாட்டன்மார் எந்த ஆங்கிலச் சொல்லை விட்டார்கள்? ‘பரேட்’ என்ற இராணுவச் சொல்லைப் ‘பெரட்டு’ என்று ஆக்கி, நூறு ஆண்டுக்கு மேல் புழங்கி, அது தமிழ்ச் சொல்தான் என்று பிள்ளைகள் நம்பும்படி செய்தவர்கள் நாம்.

இதனால்தான் சொல்கிறேன், தமிழ்ப் பிள்ளைக்கு இந்த வேலையில் ஒரு கைப்பிடி இருக்கிறது. ஆங்கிலத்தைத் தொட்டிலில் கேட்டு வளர்ந்தவருக்கு நாக்கை எங்கே வைக்கிறோம் என்பதே தெரியாது. அவரால் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டத்தான் முடியும். நம் பிள்ளையோ “வாயப்பயம்” என்று சொல்லி அம்மாவிடம் குட்டு வாங்கி, நாக்கை மேலே மடித்து, “வாழைப்பழம்” என்று சொல்லிப் பழகி வந்த பிள்ளை. ல, ள, ழ, ர, ற என்று ஐந்தையும் பிரித்துச் சொல்லப் படாத பாடு பட்டவர்களுக்கு, இரண்டை மட்டும் பிரிக்க முடியாமல் திணறும் ஒரு குழந்தையின் வாய் எங்கே தடுக்குகிறது என்று தெரியும்.

அந்த வகுப்பு மௌனமும் அப்படித்தான். மேற்கு நாட்டு இளைஞர்கள் கேள்வி கேட்டுவிட்டு, முப்பது தலைகளும் குனிந்திருப்பதைப் பார்த்துச் சோர்ந்து போவார்கள். பிள்ளைகள் மந்தம் என்று சிலர் எழுதியும் விடுவார்கள். அது மந்தம் அல்ல, தப்பாகச் சொன்னால் நாற்பது பேர் முன்னால் மானம் போகும் என்ற பயம். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பில் போய் உட்கார்ந்து, மலாய் ஆசிரியர் கேள்வி கேட்கும்போது விடை தெரிந்தும் தலையைக் குனிந்து கொண்டவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! அந்தப் பயத்தின் உள்பக்கத்தைப் பார்த்தவர், ஒரு பிள்ளை வாய் திறக்கும் வரை ஒரு நிமிடம் கூடுதலாகக் காத்திருப்பார்.

2011-இல் தொடக்கப் பள்ளி 5, 6-ஆம் வகுப்புகளுக்கு ஆங்கிலப் பழக்கம் கட்டாயமானது. 2020-இல் அவர்களுக்கு அது முறையான பாடமாகி, 3, 4-ஆம் வகுப்புகளுக்குப் பேச்சுப் பயிற்சி வந்தது. ஆகவே இப்போது துணை ஆசிரியர் நிற்பது பெரும்பாலும் பத்து வயதுப் பிள்ளைகள் நடுவில். அந்த வயதில் பயம் இன்னும் முழுதாக வேர் பிடித்திருக்காது.

குறைகளும் உண்டு

எல்லாம் இனிப்பு என்று எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். துணை ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு: “என்னை மனித டேப் ரிக்கார்டர் ஆக்கிவிட்டார்கள்.” வாசி என்றால் வாசிக்க வேண்டும், நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும், மற்ற நேரம் சுவரோரம் நிற்க வேண்டும். ஆசிரியர் உரிமம் அவரிடம் இல்லை. பொறுப்பு முழுவதும் ஜப்பானிய ஆசிரியரிடம். அந்த ஆசிரியர் கூச்சக்காரராக இருந்தால், தம் ஆங்கிலத்தில் பிழை வந்துவிடுமோ என்று அஞ்சி, துணை ஆசிரியரிடம் பேசவே தயங்குவார். இருவரும் மாலையில் பத்து நிமிடம் உட்கார்ந்து மறுநாள் பாடத்தைப் பேசிக் கொள்ளும் பள்ளியில் வகுப்பு களைகட்டும். பேசிக் கொள்ளாத பள்ளியில் ஆளும் வீண், சம்பளமும் வீண்.

எந்தப் பள்ளி கிடைக்கும் என்பது போகிறவர் கையில் இல்லை. ஒரே பள்ளியில் ஐந்து நாளும் இருப்பவர் உண்டு. பத்துப் பள்ளிகளைச் சுற்றி வந்து, எந்தப் பிள்ளையின் பெயரும் மனத்தில் நிற்காமல் தவிப்பவரும் உண்டு. “ஒவ்வொருவர் நிலையும் ஒவ்வொரு மாதிரி” என்பது அவர்களிடையே பழமொழி போல ஆகிவிட்டது.

ஊரும் அப்படியே. தோக்கியோ கனவோடு போகிறவர், நெல் வயலுக்கு நடுவிலோ மீன்பிடித் தீவிலோ இறக்கிவிடப்படுவார். கடையில் என்ன வாங்கினாய் என்பது மறுநாள் பள்ளிக்கூடம் முழுதும் தெரிந்திருக்கும். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு இது மூச்சு முட்டும். லயத்தில் வளர்ந்தவர்களுக்கு என்ன புதுமை? நம் வீட்டில் மீன் பொரித்தால் கடைசி வீட்டுக்குத் தெரியாதா!

குளிர்தான் நம்மை வாட்டும். கேமரன் மலைக் குளிரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வடக்கே ஆள் உயரத்துக்குப் பனி விழும் ஊர்கள் உண்டு. பல வீடுகளில் மண்ணெண்ணெய் அடுப்பு போன்ற கணப்பும், கீழே சூடு வைத்து மேலே மெத்தை விரித்த குட்டை மேசையும்தான் துணை. சாப்பாட்டிலும் மாடு, பன்றி கலந்து வரும். சைவம் என்றால் மீன் சாறு இல்லாத குழம்பு கிடைப்பதே அரிது. முதல் வாரத்திலேயே மரியாதையாகச் சொல்லிவிட்டு வீட்டுச் சாப்பாடு கொண்டு போகலாம்.

பணம்

வேலை நேரம் வாரத்துக்கு 35 மணி அளவு. ஒப்பந்தம் ஓராண்டு, இரு தரப்பும் விரும்பினால் 5 ஆண்டு வரை நீட்டலாம். 2012 முதல் முதலாண்டுச் சம்பளம் 33 இலட்சத்து 60 ஆயிரம் யென், அதாவது மாதம் 2 இலட்சத்து 80 ஆயிரம். 2025-இல் அதைச் சுமார் 40 இலட்சமாக உயர்த்தினார்கள். இதில் வரி, மருத்துவக் காப்புறுதி, ஓய்வூதியச் சந்தா பிடித்தம் போகும். வீட்டு வாடகை தனி. சில ஊர்களில் கல்வி அலுவலகமே மலிவாக வீடு கொடுக்கும். சில ஊர்களில் வைப்புத் தொகை போக, வீட்டுக்காரருக்கு ‘நன்றிப் பணம்’ என்று ஒன்று தர வேண்டும். அது திரும்பி வராது. முதல் சம்பளம் வரும் வரை கையில் பணம் இருக்க வேண்டும். ஆகவே முதல் மாதமே வீட்டுக்குப் பணம் வரும் என்று தம்பியின் கல்லூரிக் கட்டணத்தைக் கணக்கில் எழுதி வைக்காதீர்கள்.

ஐரோப்பாவிலும் இப்படித் துணை ஆசிரியர்கள் நூறு ஆண்டுக்கு மேலாக உண்டு. பிரான்சில் வாரம் 12 மணி நேரம், ஏழு மாதம். சம்பளம் வாய்க்கும் கைக்கும் சரி. நம் நாட்டுக்கும் ஃபுல்பிரைட் திட்டத்தில் அமெரிக்கப் பட்டதாரிகள் திரெங்கானு போன்ற இடங்களின் பள்ளிகளுக்கு வந்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளையே அவர்களிடம் படித்திருக்கலாம்.

இஷினோமக்கியில் ஒரு புத்தக அலமாரி

“பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் தனியே எப்படி அனுப்புவது?” என்று கேட்கும் தாய்மாருக்கு, ஆபத்தே இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மியாகி மாநிலத்தில் இஷினோமக்கி ஒரு கடற்கரை நகரம். அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த டெய்லர் ஆண்டர்சன் என்ற பெண் 2008-இல் அங்கே துணை ஆசிரியராகப் போனார். பல பள்ளிகளில் பாடம் நடத்தினார். 2011 மார்ச் 11, பிற்பகல் 2.46-க்கு நிலம் அதிர்ந்தது, 9.0 அளவு. அப்போது அவர் ஒரு தொடக்கப் பள்ளியில் இருந்தார். பிள்ளைகளைப் பெற்றோர் வந்து அழைத்துப் போகும் வரை உடனிருந்துவிட்டு, தம் சைக்கிளில் ஏறிக் கிளம்பினார். வழியில் ஆழிப்பேரலை கொண்டு போயிற்று. 24 வயது. இவாத்தே மாநிலத்தின் ரிக்குசென்தகாத்தாவில், அலாஸ்காவிலிருந்து போயிருந்த மாண்ட்கோமரி டிக்சன் என்ற துணை ஆசிரியரும் அன்று இறந்தார். 2004-இல் பினாங்குக் கரையிலும் கெடாக் கரையிலும் அந்த அலையின் ஒரு சிறு கையைப் பார்த்த நமக்கு, அது எப்படிப்பட்டது என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

டெய்லரின் தாய் தகப்பன் மகளை எடுத்துக் கொண்டு போனதோடு நின்றுவிடவில்லை. மகளுக்குப் புத்தகம் என்றால் உயிர். அவர் பெயரில் ஒரு நிதி வைத்து, அவர் பாடம் நடத்திய பள்ளிகளுக்கு ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தார்கள். அவற்றை வைக்கும் அலமாரிகளைச் செய்தவர் அந்த ஊர்த் தச்சர் ஒருவர். அதே அலையில் தம் மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்தவர் அவர். மகளை இழந்தவர்கள் புத்தகம் வாங்க, பிள்ளைகளை இழந்தவர் மரம் இழைத்தார். அந்த அலமாரிகளுக்கு டெய்லரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ‘அசிஸ்டென்ட்’ என்ற பட்டத்தோடு மூன்று ஆண்டுகூட நிறையாமல் இருந்தவர் அவர்.

மனுப் போடுகிறவர்களுக்கு

பட்டதாரியாக இருக்க வேண்டும். எந்தத் துறைப் பட்டமும் போதும், ஆசிரியர் பயிற்சி கட்டாயமில்லை. ஆங்கிலத்தில் தெளிவாகப் பேச, எழுத வர வேண்டும். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் துணை ஆசிரியர்களாகப் போயிருக்கிறார்கள். எந்த நாட்டிலிருந்து எந்தப் பணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பது ஒரே மாதிரி இருப்பதில்லை. எனவே மலேசியப் பிள்ளைகள் கோலாலம்பூரில் உள்ள ஜப்பானியத் தூதரகத்தில் நேரே கேட்டுக் கொள்வதே முறை.

இந்தத் திட்டத்துக்கு மனுக் கட்டணம் கிடையாது. விமானச் சீட்டும் அவர்களே தருகிறார்கள். ஆகவே “ஜப்பானில் ஆசிரியர் வேலை, முன்பணம் கட்டுங்கள்” என்று யாராவது வீட்டு வாசலில் வந்து நின்றால், தண்ணீர் கொடுத்து அனுப்பி விடுங்கள், பணம் கொடுக்காதீர்கள். தனியார் நிறுவனங்கள் மூலம் பள்ளிகளுக்குப் போகும் வழியும் உண்டு. ஆனால் அதில் சம்பளம் குறைவாக இருக்கலாம், விடுமுறை மாதங்களில் வெட்டும் விழலாம். ஒப்பந்தத்தை வரிக்கு வரி படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஒப்பந்தக் கூலி என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மனுவோடு, ஏன் போக விரும்புகிறேன் என்று இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். இருவரிடம் சான்றுக் கடிதம் வாங்க வேண்டும். தேர்வானால் ஜூலை, ஆகஸ்டு வாக்கில் பயணம். அந்த இரண்டு பக்கத்தில் ஜப்பானியப் பூக்களைப் பற்றியும் மலையைப் பற்றியும் எழுதுகிறவர்கள் ஏராளம். உங்கள் பிள்ளை, வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி என்று தான் வளர்ந்த கதையை எழுதட்டும். நேர்முகத் தேர்வில் திடீரென்று, “இதை ஒரு வகுப்புக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பாய், செய்து காட்டு” என்று கேட்பதும் உண்டு. அதற்கு வீட்டிலேயே பாட்டியை மாணவியாக உட்கார வைத்து ஒத்திகை பார்த்துக் கொள்ளலாம். பாட்டிக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது என்றால் இன்னும் நல்லது.